உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

லிஃப்ட்காரரின் மகள் பாவாடையின் மடிப்பைப் பிரித்தால்தான் வளர்வாள். பிரிக்காத வருடத்தில் ஒரு நூல்கூட வளர்ந்ததில்லை. அவளைப் பள்ளியில் சேர்த்த வருடம், அப்பா வேலை பார்த்த கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில் ஜன்னல் திரைகளை மாற்றினார்கள். கழித்துப் போட்ட நீலத் திரை ஒன்றை அவர் சுருட்டிக்கொண்டு வந்தார். அதில் அம்மா சீருடைப் பாவாடை தைத்தாள். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று மிச்சத் துணியை வெட்டாமல், சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு மடிப்புகளை வைத்தாள். ஒரு அங்குல மடிப்பு இரண்டு அங்குலத் துணியை விழுங்கும், ஏனென்றால் துணி போன வழியே திரும்பி வரவேண்டும். மடிப்பை மெஷினில் தைத்தால் பிரிக்கும்போது ஓட்டை ஓட்டையாக நிற்கும். கையால் நீளநீளமாக ஓட்டம் போட்டால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் நூல் முழுசாக வந்துவிடும். அம்மா கையால்தான் தைத்தாள்.

வருடத்துக்கு ஒரு மடிப்பு பிரிந்தது. பிரித்த ஒரு மணி நேரத்துக்குள் மகளும் சரியாக இரண்டு அங்குலம் உயர்ந்தாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் பாவாடையில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் வைத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் கோட்டின்மேலேயே வண்ண நாடா வைத்துத் தைத்துவிடலாம், பார்க்கிறவர்கள் புது மாடல் என்பார்கள். மகளின் கால்களிலும் அதே மாதிரிக் கோடுகள் விழுந்தன. அவற்றை வினிகர் ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய ஒன்பதாவது வயதில், அம்மா பாதிச் சுற்று பிரித்திருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. அதோடு மீதியை மறந்துவிட்டாள். அன்று பள்ளி ஓட்டப்பந்தயத்தில் வலது கால் மட்டும் இரண்டு அங்குலம் நீண்டிருந்த மகள், நேராக ஓட முடியாமல் மைதானத்தை வட்டமடித்தாள்.

எட்டும் பிரிந்து முடிந்தபோது அவள் ஐந்தடி. பாவாடை பெட்டிக்குள் போனது, அவளும் அதோடு நின்றாள். பத்தொன்பது வயதில் தீயணைப்பு நிலையத்தில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அவளுக்கு வேறு வேலை எதிலும் மனம் ஒட்டியதில்லை. ஆனால் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் வேண்டும் என்றார்கள். "ஊரையே நாளெல்லாம் மேல ஏத்தி விடறேன், பெத்த பொண்ணை ரெண்டு இஞ்ச் ஏத்த முடியல" என்றார் அப்பா. மகள் பெட்டியைத் திறந்து, அப்பாவின் பழைய காக்கிச் சட்டையிலிருந்து ஒரு பட்டை வெட்டிப் பாவாடைக்கு அடியில் ஒட்டுப் போட்டாள். பாவாடைதான் நீண்டது, வெளித்துணிக்கு அவள் உடம்பு மசியவில்லை. சலித்துப்போய்ப் பாவாடையைச் சுருட்டியபோது இடுப்புப் பக்கம் கனமாகத் தட்டுப்பட்டது.

"ஏம்மா, இது என்ன?"

"நாடா ஓடற எடம்."

"நாடா ஓட இவ்வளவா? இதுல யானையே ஓடும்."

அம்மா கொஞ்சநேரம் பாத்திரம் துலக்கினாள். ஒன்பதாவது மடிப்பு அது. மடிப்பைத் தேடுகிறவர்கள் கீழேதான் பார்ப்பார்கள் என்பதால் மேலே வைத்திருந்தாள்.

"தைக்கிறப்போ ஒரு கைகாவலுக்குன்னுதான் வச்சேன். அப்புறம் நீ தீயணைப்புக்குப் போறேன்னதும் பிரிக்கக் கை வரல. எரியற வீட்டுக்குள்ள ஏணி வச்சுப் போற வேலைக்கு நானே ஒசரம் குடுக்கணுமாக்கும்?"

"குடுக்கலேன்னா நான் என்னம்மா பண்ணட்டும்? ஒட்டுப் போட்டா ஏறமாட்டேங்குதே."

உயரம் அளக்க இரண்டு நாள் இருந்தது. அம்மா பிளேடை எடுத்தாள், பாதிச் சுற்று பிரித்தாள், மீதி நாளைக்கு என்று மடித்து வைத்துவிட்டாள். இந்த முறை பால் எதுவும் பொங்கவில்லை. மறுநாள் காலை மகள் ஒரு காலை விந்தி விந்திக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். வழியெல்லாம் தண்ணீர் சிந்தியிருந்தது. அந்த ஈரத்தைத் துடைக்கத் துணியோடு குனிந்த அம்மா, பாதியில் எழுந்துபோய்ப் பிளேடை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். மகள் டீ குடித்து முடிப்பதற்குள் நூல் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

மகளுக்கு வேலை கிடைத்தது, வேறு ஊரில். நிலையத்தில் கொடுத்த கால்சட்டை எல்லாருக்கும் ஒரே நீளம். அளவாக வெட்டித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா வெட்டவில்லை, இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, கையால் ஓட்டம் போட்டாள். "வளர்ற பிள்ளை" என்றாள். பிள்ளைக்கு அப்போது இருபது.

மூன்றாம் வருடம், வண்டியின் மேல்தட்டுக் கொக்கி எட்டவில்லை என்று மகள் எழுதினாள். எரியும் வீடுகளுக்குள் அதுவரை பதினேழு முறை போய்த் திரும்பியிருந்தாள். அம்மா பஸ் ஏறி வந்து, நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து கால்சட்டையின் இரண்டு காலையும் ஒரே மூச்சில் பிரித்தாள். நிலைய அதிகாரி மகளை நிற்கவைத்து அளந்து, பதிவேட்டில் ஐந்தடி நாலு அங்குலம் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'மடிப்பு பிரிக்கப்பட்டது' என்று எழுதினார்.