சுருள் கம்பி போட்ட பாஸ்போர்ட்

அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். லேமினேஷனும் ஸ்பைரல் பைண்டிங்கும் உண்டு. தெருவில் அவருக்குப் பெயரே லேமினேஷன்தான். தாளைக் கண்டால் பிளாஸ்டிக் உறை போடாமல் அவருக்குக் கை நிற்காது. எங்கள் வீட்டு காஸ் பில், என் ஆறாம் வகுப்பு மார்க் ஷீட், அப்பா அம்மாவின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் தண்ணீரில் போட்டாலும் மிதக்கும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் அவள் ஊர். நாங்கள் எல்லைக்குப் போன அன்று சாயங்காலம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக இருந்தது. மாமாவுக்குக் கப்பலில் வேலை, கப்பல் நடுக்கடலில். அக்காவுக்கு ஊசி என்றால் பாதி உயிர் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கையை நீட்டுவாள். அதனால் யார் போகாவிட்டாலும் அப்பா போயாக வேண்டும்.

எல்லை அலுவலகத்தில் அம்மாவுக்கும் எனக்கும் சீல் குத்தி, தரையில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அடுத்து அப்பா தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். கவுண்ட்டர்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

அப்பா தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக லேமினேஷன் போட்டு, ஓரத்தில் துளையிட்டு, நீலச் சுருள் கம்பியில் கோத்திருந்தார். பார்க்க ஓட்டல் மெனு மாதிரி இருந்தது.

"இது என்ன?"

"பாஸ்போர்ட் சார்."

"இப்படியேவா குடுத்தாங்க?"

"அவங்க குடுத்தது ரொம்ப மட்டமான பேப்பர் சார். ஒரு மழைக்குத் தாங்காது. அதான் நானே பண்ணிட்டேன்."

அம்மா என் காதோரம், "நம்ம ரெண்டு பேரோடதையும் கேட்டாரு. நான்தான் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வச்சேன்" என்றாள்.

கவுண்ட்டர்காரர் சீலை அழுத்தினார். அது பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு போய் அவர் கட்டைவிரலில் பதிந்தது. இப்போது நாட்டைவிட்டு வெளியேற அவருடைய கட்டைவிரலுக்கு மட்டும் அனுமதி இருந்தது. அவர் எழுந்து போய் ஒரு பெண் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எதையாவது மாத்தியிருக்கீங்களா?" என்றார் மேலதிகாரி.

"ஒரு எழுத்தைக்கூடத் தொடல மேடம்."

"அப்போ திருத்தினதுன்னு சொல்ல முடியாது."

"முடியாது மேடம்."

"ஆனா முழுசா பிரிச்சுப் போட்டிருக்கீங்க."

"பக்கமெல்லாம் வரிசையா இருக்கான்னு பாருங்க மேடம்."

மேடம் பார்த்தார். வரிசையாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

"வேற ஏதாவது அடையாள அட்டை இருக்கா?"

அப்பா பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் என்று வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாம் பளபளத்தன.

"இதுக்கெல்லாம் லேமினேஷன் போட்டது யாரு?"

"நான்தான்."

"ஆக, நீங்க யாருன்னு சொல்ற அத்தனையும் உங்க கடையிலேருந்துதான் வந்திருக்கு."

அது குற்றச்சாட்டா பாராட்டா என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, "தேங்க்ஸ் மேடம்" என்றார்.

நான் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "உறையை உரிச்சுட்டா சரியாயிடுமா சார்?" என்றேன்.

"என் லேமினேஷன் உரியாதுடா" என்றார் அப்பா. அவருக்கு மானப் பிரச்சினை.

கவுண்ட்டர்காரர் பிளேடால் போட்டோ பக்கத்தை நெம்பினார். உரிந்தது. அப்பாவின் முகம் பிளாஸ்டிக்கோடு போனது. பெயர் தாளிலேயே நின்றுவிட்டது.

மேடம் ஒரு கையில் முகத்தையும் இன்னொரு கையில் பெயரையும் வைத்துக்கொண்டு, "இதுல யாரை நான் அனுப்பறது?" என்றார். "அனுமதி இல்லைங்க. திரும்பிப் போயிடுங்க."

ஆனால் மறுப்பதற்கும் ஒரு சீல் உண்டு. அது பாஸ்போர்ட்டில் விழுந்தால்தான் வந்த கதவைத் திறப்பார்கள். அதுவும் வழுக்கியது. போட்டோ பக்கத்தில் சீல் குத்தக் கூடாது. வேறு பக்கத்தை உரித்தால் சேதம் அலுவலகத்தின் கணக்கில் ஏறும். போகவும் விடவில்லை, திரும்பவும் விடவில்லை.

"ஏங்க, நான் கிளம்பறேன். அங்க புள்ள தனியா கிடக்கு" என்றாள் அம்மா.

"இடது கையைப் பிடிச்சுக்கோ. வலது கைன்னா உதறிடுவா."

அம்மா வண்டி பிடிக்க ஓடினாள். அடுத்த நிமிடமே என் போனில் அக்கா வீடியோ காலில் வந்தாள். கோட்டைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டி, போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

"அப்பா, ஊசி எடுத்துட்டு வந்துட்டாங்கப்பா. நீ எங்க இருக்க?"

அப்பா போனைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு, "மேடம், நான் இப்போ எங்க இருக்கேன்?" என்றார்.

மேடம் வந்த கதவைப் பார்த்தார். போகும் கதவைப் பார்த்தார். "எழுதிக் கேட்டீங்கன்னா மேலிடத்துக்கு அனுப்பறேன்."

அப்பா போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இங்கதாண்டா கண்ணு. ஊசியைப் பாக்காத, என்னைப் பாரு. கையை நீட்டு."

"பின்னாடி யாருப்பா?"

"இவங்கதான் என்னை விடமாட்டேங்கறாங்க."

"திருப்பி அனுப்பவும் முடியலம்மா" என்றார் மேடம், நியாயத்துக்காக.

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆ" என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு, "போட்டுட்டாங்கப்பா" என்றாள்.

அப்பா அப்படியே தரையில் உட்காரப் போனார். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார் மேடம். கவுண்ட்டர்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோட்டுக்கு எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல், தூக்கியபடியே நின்றார்.