மூன்றாவது குழாயும் ஓர் ஓலை விசிறியும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போன மாதம் என் தம்பி ஜெயந்தனின் மனைவி அருந்ததி வவுனியாவிலிருந்து வந்தாள். ஓர் அட்டைப்பெட்டியை எங்கள் மேசையில் வைத்து, "மச்சாள், இனி எழுதுங்கோ" என்றாள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருந்தால் நான் மனிசியே இல்லை.

என் பெயர் விமலேஸ்வரி. முத்தையன்கட்டில் பதினேழு வருசமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். கதையும் எழுதுவேன். என் கதைகளில் கடைசிப் பக்கத்தில் யாராவது செத்துப்போவார்கள். "ரீச்சர், ஒருக்கா ஆரையாவது உயிரோட விடுங்கோவன்" என்று பிள்ளைகள் கெஞ்சியிருக்கிறார்கள். இந்தக் கதையில் ஒருவரும் சாகமாட்டார்கள். (எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியாது.)

தொடக்கம் ஒன்று: "சோளகக் காற்றுச் சுழன்றடித்த ஒரு வைகாசி நாளில், முள்ளியவளைத் தெருவிலே ஓர் இளம்பெண் கண்ணீர் மல்க நடந்து—"

வெட்டிவிட்டேன். அருந்ததி ஒருநாளும் கண்ணீர் மல்க நடந்ததில்லை. அவள் சைக்கிளில் போவாள், அதுவும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் வேகத்தில்.

தொடக்கம் இரண்டு: "உலோகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தொழிலானது மானிட நாகரிகத்தின்—"

இது தமிழ்த்தினக் கட்டுரைப் போட்டி. வெட்டு.

தொடக்கம் மூன்று: அருந்ததி ஒரு தையல்காரி.

இது நிற்கட்டும்.

2

அருந்ததி ஒரு தையல்காரி. ஒட்டுசுட்டானில் பள்ளிக்கூடச் சட்டை, சாறி பிளவுஸ், லொறிக் கன்வஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தைத்தாள். ஜெயந்தனுக்கு வயல். குளம் நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு. "மாதம் முடியத் தப்பாமல் வாற சம்பளம் ஒண்டு, என்ர கையால உழைச்சதா இருக்கோணும்" என்பது அவளுடைய ஒரே ஆசை. வேறு எதற்கும் அவள் நேர்த்தி வைத்து நான் பார்த்ததில்லை.

2003 தொடக்கத்தில் சரீப் என்பவர், பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு, மனைவி ஸாலிஹாவுடன் முள்ளியவளைக்குத் திரும்பி வந்தார். வரும்போது ஒரு ஆகன் வெல்டிங் மெசினும்* அதை இயக்க ஓர் ஆளும் கொண்டுவந்தார். ஆள் ஒரு மாதத்தில் வீட்டு நினைப்பு வந்து திரும்பிப் போய்விட்டான். மெசின் மட்டும் மிஞ்சியது. அவருடைய லொறிக்குக் கன்வஸ் தைக்கப் போன அருந்ததி, கதிரைக்குக் கீழே கிடந்த மிதிகட்டையைக் கண்டாள்.

"இதென்ன சரீப் நானா, தையல் மெசின் மாதிரிக் காலால மிதிக்கிறதோ?"

"ஓம் தங்கச்சி. மிதிச்சாச் சூடு கூடும், விட்டாக் குறையும். வலக்கையில நெருப்பு, இடக்கையில கம்பி, கீழ கால். மூண்டும் ஒண்டாப் போகோணுமாம். எனக்கெண்டா மூண்டும் மூண்டு ஊருக்குப் போகுது."

"என்னை ஒருக்கா இருக்க விடுங்கோ."

இருந்தவள்தான். பதினொரு மாதம், கிழமையில் மூன்று நாள், உடைந்த பால் கானிலும் ஓட்டைச் சட்டியிலும் பழகினாள். மெசினோடு வந்த ஆங்கிலப் புத்தகம் நாற்பத்திரண்டு பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கியது நான். பத்தொன்பதாம் பக்கத்தில் "காற்றுப் படவே கூடாது" என்று சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். அந்தப் பக்கத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

[* புத்தகத்தில் இதற்கு ரிக் வெல்டிங் என்று பெயர். ஊசிமுனையில் நெருப்பு எரியும். அதைச் சுற்றி ஆகன் வாயு குடை பிடிக்கும். குடைக்குள் காற்றுப் புகுந்தால் உருகிய உருக்கு கறுத்து, பொத்தல் பொத்தலாகிவிடும். மூடிய அறையில் செய்வது அதனால்தான். இந்த விளக்கத்தைப் பார்த்துவிட்டு அருந்ததி, "பரவாயில்லை, ஐம்பது மாக்ஸ் போடலாம்" என்றாள்.]

3

வவுனியாவில் ஒரு கம்பனி துருப்பிடியாத உருக்கில் பால் சேர்த்துவைக்கும் தாங்கிகள் செய்கிறது. (பெயர் வேண்டாம். நல்ல கம்பனி.) பளையிலும் கிளிநொச்சியிலும் தாங்கி பூட்டி நிறுத்த வேண்டும். கொழும்பு வெல்டர்மார் வன்னிக்கு வரப் பஞ்சிப்பட்டார்கள். இங்கேயே ஓர் ஆளைப் பிடித்தால் சம்பளம் எவ்வளவென்றாலும் தருவோம் என்று சரீபுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் அருந்ததியைச் சொன்னார். எவ்வளவு என்று விசாரித்தேன். என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு. அன்று முழுக்க வகுப்பில் பிள்ளைகளோடு சிடுசிடுத்தேன்.

நிபந்தனை ஒன்றுதான். இஞ்சினியர் மூன்று துண்டு கொண்டு வருவார். மூன்றையும் அவர் கண்முன்னே பிழையில்லாமல் ஒட்ட வேண்டும். ஒன்று பிழைத்தாலும் வேலை இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஜெயந்தன்தான் செய்தி கொண்டுவந்தான்.

"பொம்பிளை ஒட்டின தாங்கியில பால் திரைஞ்சு போகாதோ எண்டு கேக்கினம்."

"திரைஞ்சால் தயிரெண்டு விக்கச் சொல்லுங்கோ" என்றாள் அவள், சோற்றைக் குழைத்தபடியே.

துணைக்கு நானும் முள்ளியவளைக்குப் போனேன். மூலையில் ஒரு கதிரையில் இருந்தேன். (கதையில் எனக்கு வேறு வேலை இல்லை. என்னை மறந்துவிடுங்கள்.)

4

அது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய கிழமை. சோளகம் மண்ணை வாரி இறைத்தது. பட்டறைக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் ஸாலிஹா இறுக்கிப் பூட்டி, இடுக்குகளில் சாக்குச் செருகினார். ஜெனரேற்றரின் பலமெல்லாம் மெசினுக்கே போனது. உள்ளே இட்டலி அவிக்கலாம்.

"அங்க அம்மாளுக்குக் கடல்தண்ணியிலயே விளக்கெரியுது. இஞ்ச எனக்கு ஒரு மூச்சுக்காத்துப் பட்டாலே போச்சு" என்றாள் அருந்ததி, முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டே.

இஞ்சினியர் முன்ஸிர் வவுனியாக்காரர், மெலிந்தவர், சிரிக்காதவர். முதல் துண்டு தட்டைத் தகடு. ஒட்டினாள். அவர் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது, மூலை. அதற்கும் தலையாட்டினார். மூன்றாவது, குழாய். அதுதான் உயிர்நிலை. குழாயைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும், கையும் காலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கக் கூடாது.

கறுப்புக் கண்ணாடிக்குள் அருந்ததிக்குத் தெரிந்தது பொட்டளவு வெளிச்சம் மட்டுமே. அதற்குள் உருகிய உருக்கு ஒரு சின்னக் குளமாகத் தளதளவென்று நின்றது. கம்பியைத் தொட்டாள், எடுத்தாள், நகர்ந்தாள். கழுத்துத் தையல் வளைவில் துணியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. பாதி வட்டம் வந்துவிட்டது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. உள்ளுக்குள் அவள் பாடிக்கொண்டிருந்தாள், அவ்வளவு சந்தோசம்.

திடீரென்று சத்தம் மாறியது. சீராக இரைந்துகொண்டிருந்த நெருப்பு படபடத்தது. குளம் கறுத்தது, பொரிந்தது. அவள் காலை எடுத்தாள்.

யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள்.

5

இங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது. யார்?

முதல் படியில் இப்படி எழுதினேன்: "அருந்ததியின் முதுகு நனைந்திருப்பதைக் கண்ட ஸாலிஹா, மனம் பொறுக்காமல் ஓலை விசிறியை எடுத்து—"

ஸாலிஹா எடுக்க மறுத்துவிட்டார். பாத்திரங்கள் மறுக்கும் என்று எழுத்தாளர்கள் சொன்னால் நான் சிரிப்பவள். ஆனால் மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "கதவைப் பூட்டி இடுக்கில சாக்கு வச்சதே நான்தானே ரீச்சர். பிறகு நானே விசுக்குவனா? நல்லா இருக்குதே உங்கட கதை" என்று தாளுக்குள்ளிருந்து கேட்டார். நியாயம்தான்.

சரீப்? அவர் வெளியே ஜெனரேற்றருக்குக் காவல். முன்ஸிர்? ஒரு கையில் கொப்பி, மறு கையில் பேனை. கதவு தானாகத் திற—

இல்லை. போதும்.

அறையில் மிச்சம் இருந்தது ஓர் ஆள்தான். மறந்துவிடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்ட அதே ஆள்.

விசிறியது நான். பத்தொன்பதாம் பக்கத்தைத் தமிழில் எழுதி, சிவப்புக் கோடு போட்ட நான். எங்கள் வீட்டில் வியர்ப்பவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அது மரியாதைக் கேடு. சாப்பிடுபவருக்கு விசிறுவோம், காய்ச்சல்காரருக்கு விசிறுவோம், செத்தவீட்டில் பிரேதத்துக்கே விசிறுவோம். மூலையிலிருந்து எப்போது அவளருகே போனேன், கைப்பையிலிருந்து விசிறி எப்போது வெளியே வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கை தன்பாட்டில் ஆடியது. பாசம் கண்ணை மறைத்தது என்று அழகாக எழுதலாம். உண்மையில் புத்தியை மறைத்தது.

6

அருந்ததி முகமூடியைத் தூக்கினாள். குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.

"மச்சாள், பத்தொன்பதாம் பக்கம்."

அவ்வளவுதான் சொன்னாள். நிலம் பிளந்திருந்தால் விசிறியோடு உள்ளே போயிருப்பேன். பதினொரு மாதத்து உழைப்பு, மாதச் சம்பளம், அவளுடைய ஒரே ஆசை, எல்லாவற்றையும் நாலு வீச்சில் ஊதிவிட்டேன்.

முன்ஸிர் குழாயைக் கையில் எடுத்தார். "கம்பனிச் சட்டம் மூண்டு துண்டுதான். நாலாவது துண்டு கொண்டுவரேல்ல." கறுத்த இடத்தை விரலால் தடவினார். காது மடல் சிவந்தது. "ஆனா, அந்தக் காத்து எனக்கும்தான் பட்டது. சுகமா இருந்துது, கண்ணை மூடிட்டன். நிப்பாட்டச் சொல்லவேண்டியவன் நான். இதை உங்கட பிழையா எழுத ஏலாது."

"துண்டு வேண்டாம் சேர்" என்றாள் அருந்ததி. "பிழைச்ச இடத்தை வெட்டி எடுத்துப்போட்டு, இதிலயே ஒட்டுறன். தையல் பிழைச்சால் துணியை எறியிறேல்லைத்தானே? நூலைப் பிரிக்கிறதுதான்."

"வெட்டினா இடைவெளி பெருக்கும். புதுசா ஒட்டுறதைவிடக் கஷ்டம்."

"தெரியும் சேர். ஸாலிஹாக்கா, நீங்கள் வந்து மச்சாளின்ர கையைப் பிடியுங்கோ. ரெண்டு கையையும்."

ஸாலிஹா என் இரண்டு கையையும் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அருந்ததி கறுத்த இடத்தை அராவி எடுத்தாள், துடைத்தாள், ஊசிமுனையைப் பென்சில் சீவுவதுபோல் தீட்டினாள். பிறகு முகமூடியை இறக்கி மிதித்தாள். அறையில் ஒருவரும் மூச்சைக்கூடப் பலமாக விடவில்லை.

ஒட்டி முடிந்ததும் பரிசோதனை. குழாயின் ஒரு வாயை அடைத்து உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே ஒட்டின்மேல் வெள்ளை பூசுவது. மயிரளவு பொத்தல் இருந்தாலும் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறை தெரியும். முன்ஸிர் பையைத் துழாவினார். வெள்ளைப் பூச்சு டப்பா வவுனியாவிலேயே தங்கிவிட்டது.

"சோக் சரிவருமோ?" என்றேன் ஈனக் குரலில். ரீச்சரின் கைப்பையல்லவா, விசிறிக்குப் பக்கத்தில் நாலு துண்டுச் சோக் கிடந்தது. ஸாலிஹா அதை அம்மியில் அரைத்துத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்தார். பூசினோம். காத்திருந்தோம். தேத்தண்ணி வந்தது, ஆறியது, ஒருவரும் தொடவில்லை. முன்ஸிர் குழாயை வெளிச்சத்தில் மெல்ல, ஒரு முழுச் சுற்றுத் திருப்பினார்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"எப்ப வேலைக்கு வருவீங்க?" என்று கேட்டார் அவர். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

7

முடிவு அ: "அருந்ததியின் கண்களிலிருந்து ஆனந்தக் கண்ணீர்—" பொய். "தேத்தண்ணியைச் சுட வையுங்கோ அக்கா, பசிக்குது" என்றாள். கண்ணீர் விட்டது நான். ஸாலிஹா மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டதால் துடைக்கவும் முடியவில்லை.

முடிவு ஆ: "ஆகவே மாணவர்களே, விடாமுயற்சியும்—" வேண்டாம்.

முடிவு இ: பெட்டி.

பளைத் தாங்கி பூட்டியாகிவிட்டது. பால் திரையவில்லை. போன மாதம் முதற் சம்பளம் வாங்கிய அருந்ததி நேரே வவுனியாக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். பெட்டிக்குள் இருந்தது ஒரு மேசை ஃபான். நீலச் செட்டை, மூன்று வேகம்.

"இனியாவது உங்கட கை சும்மா இருக்கட்டும் மச்சாள்."

எங்கள் றோட்டில் கறண்ட் இல்லை. கம்பம்கூட நடவில்லை. வாங்கும்போது அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? கேட்டேன்.

"வரும்தானே?" என்றாள். ஜெயந்தன் விரலால் செட்டையைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். நல்ல காற்று வந்தது.

ஃபான் இப்போது அலுமாரிக்கு மேலே, பெட்டிக்குள் இருக்கிறது. இது 2004 ஆவணி. இந்தக் கதையின் முடிவு அது சுற்றும் நாள்தான். அந்த நாளை நான் இன்னும் காணவில்லை. என் கையில் விட்டால் பழைய பழக்கத்தில் எதையாவது எழுதித் தொலைப்பேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் முடிவை உங்களிடம் தந்துவிடுகிறேன். நீங்கள் இதை வாசிக்கும் காலத்தில் எங்கள் றோட்டுக்குக் கறண்ட் வந்திருக்கும். வந்து, பெட்டியை இறக்கி, நீங்களே சுவிச்சைப் போடுங்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அருந்ததி பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து போடாதீர்கள்.