பச்சை இலை

ஆற்றில் பழுத்த இலை வந்தால் பரவாயில்லை, பச்சை இலை வந்தால் விசில் ஊத வேண்டும். அந்த மலையில் வெளிநாட்டுக்காரர்களை அருவிக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதுதான் பாலபாடம். பழுத்தது தானாக உதிரும். பச்சையைப் பிய்த்துக்கொண்டு வருவது மேலே பெய்யும் மழை. இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், மேலே பெய்தது மொத்தமும் ஒரே சுவராக இறங்கி வரும். கோஸ்டாரிகாவில் அதைத் தண்ணீர்த்தலை என்பார்கள். அது வந்துவிட்டால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காது.

யொர்லெனி பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறாள். இந்த மாதம் மட்டும் இரண்டு முறை விசில் ஊதிவிட்டாள், இரண்டு முறையும் தலை வரவில்லை. மேலே எவனோ மாட்டுப்பண்ணைக்காரன் வேலி மரங்களைக் கழித்து, கிளைகளை ஆற்றில் தள்ளியிருக்கிறான். ஈரத் துணியோடு வேனில் ஏறியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'பன்னிரண்டு நிமிடக் குளியலுக்கு ஒரு நாள் முழுக்க வீண்' என்று ஃபோனில் எழுதிவிட்டார்கள். உயிரோடு உட்கார்ந்துதான் எழுதுகிறோம் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

முதலாளி எவேலியோ அதை அவளுக்குப் படித்தே காட்டினார். "இலையப் பாத்தெல்லாம் பயந்தா காட்டுல எதுக்கும்மா வேலை பாக்குற? இன்னொரு தடவ வெறும் விசில் ஊதுனே, விசில என் மேசைல வெச்சிட்டு நேரா வீட்டுக்குப் போயிடு."

வேன் ஓட்டும் செப்பே இன்று காலையிலேயே ஆரம்பித்தான். "என்னக்கா, விசில் கொண்டாந்தியா, இல்ல அவருக்குப் பயந்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டியா?"

"வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது.

அன்று ஆறு பேர். டொரான்டோவிலிருந்து ஒரு புது ஜோடி, ஓய்வுபெற்ற அக்கா தங்கை இருவர், அப்புறம் மினசோட்டாவிலிருந்து கர்ட் என்ற தச்சனும் ஒன்பது வயது மகள் பிரிட்டாவும். பிரிட்டா வழியெல்லாம் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றாள். தவளைக்கு விஷம் உண்டா, குரங்குக்கு நீச்சல் தெரியுமா, அருவிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள். யொர்லெனிக்கு அந்தப் பெண்ணை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அருவிக்குக் கீழே மடு பச்சையாகத் தெளிந்து கிடந்தது. படிக்கட்டு இறங்குவது இந்தக் கரையில். எதிர்க்கரையில் ஒரு தட்டைப்பாறை, அதன் பின்னால் செங்குத்தாகச் சுவர்போல மலை. அங்கிருந்து ஏறிப்போக ஓரடி இடம் கிடையாது.

பதினொன்று இருபதுக்கு அவள் காலடியில் ஓர் இலை வந்தது. பச்சை. பின்னாலேயே இன்னும் மூன்று, ஒன்றில் காம்போடு குச்சி.

கை விசிலுக்குப் போனது. வேலி மரம்தான் கழிக்கிறான், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். தண்ணீர் கலங்கவில்லையே.

அப்போதுதான் கர்ட் பக்கத்தில் வந்து கேட்டான். "அந்தப் பாறைக்கு நீந்திப் போலாமா? இவ அங்க நின்னு ஃபோட்டோ எடுக்கணும்ங்கறா."

யொர்லெனி இலையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"போங்க," என்றாள். "சீக்கிரம் வந்துடுங்க."

நாலு நிமிடம் கழித்து மண் வாசனை வந்தது. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. அவள் விசிலைக் கடித்துக்கொண்டு ஊதினாள், மூச்சு தீரும்வரை ஊதினாள். இந்தப் பக்கம் இருந்த நாலு பேரும் அடித்துப் பிடித்துப் படியேறிவிட்டார்கள். கர்ட் மகளை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனான். "எறங்காதீங்க! அங்கயே நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

தலை வந்தது. அருவி இருந்த இடத்தில் சேறும் மரமுமாகக் கொட்டியது. அதன் பிறகு ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. பாறை மேல் தண்ணீர் ஏறி கர்ட்டின் முழங்காலைத் தொட்டது. அவன் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பிரிட்டா அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு யொர்லெனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யொர்லெனி இடுப்பில் கட்டியிருந்த மீட்புக் கயிற்றுப் பையை, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பாறைப் பக்கம் வீசினாள். எட்டவில்லை. கயிற்றை இழுத்துச் சுருட்டினாள், ஈரக் கயிறு கனத்தது. கடவுளே, என்னை எடுத்துக்கொள், அந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று வாய்விட்டு அழுதாள். இரண்டாவது முறை கயிறு குறுக்கே மிதந்து வந்த ஒரு மரத்தின் மேல் விழுந்து கீழே இழுபட்டது. தண்ணீர் கர்ட்டின் இடுப்புக்கு வந்துவிட்டது.

விசில் கேட்டு செப்பே மேலேயிருந்து ஓடிவந்தான். வந்த வேகத்தில் அவள் கையிலிருந்த கயிற்றின் முனையைக் கரை மரத்தில் கட்டினான். மூன்றாவது வீச்சில் பை கர்ட்டின் நெஞ்சில் போய் விழுந்தது. கட்டு, உன்னையும் சேர்த்துக் கட்டு என்று யொர்லெனி சைகை காட்டினாள். அவன் பெண்ணை முன்னால் இறக்கி, இரண்டு மிதவைச் சட்டைகளுக்குள்ளும் கயிற்றை நுழைத்து முடிச்சுப் போட்டான். தச்சன் கை, நல்ல வேளை. முடிச்சு இறுகுவதற்கும் அவன் கால் பாறையிலிருந்து நழுவுவதற்கும் சரியாக இருந்தது.

இருவரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள்.

கயிறு விண்ணென்று இறுகி, வளைந்து, அவர்களைக் கீழ்நோக்கி அடித்து இந்தக் கரைக்குத் திருப்பியது. யொர்லெனி கழுத்தளவு சேற்றில் இறங்கிக் கையில் கிடைத்ததைப் பிடித்தாள். அது பிரிட்டாவின் பின்னல். இழுத்தாள். செப்பே அவளை இழுத்தான். கரையில் குப்புறப் போட்டதும் பிள்ளை சேற்றைக் கக்கி, இருமி, அலறி அழ ஆரம்பித்தாள். உலகத்தில் அதைவிட நல்ல சத்தத்தை யொர்லெனி கேட்டதில்லை.

ஒரு மணி நேரத்தில் எவேலியோ ஜீப்பில் வந்து சேர்ந்தார். கர்ட்டின் தோள்மூட்டு விலகியிருந்தது. துண்டில் தூளி கட்டி, அந்தக் கையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மடியில் போர்வைக்குள் பிரிட்டா. நல்ல கையால் அவன் யொர்லெனியின் கையைப் பிடித்திருந்தான், விடவேயில்லை.

"எங்க ஆளுங்க அப்படித்தான் சார்," என்றார் எவேலியோ. "மொத இலையப் பாத்த நொடியே விசில் ஊதிருவாங்க. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"எல்லாருக்கும் சொல்வேன்," என்றான் கர்ட். அழுகையில் குரல் உடைந்தது. "உங்க பேரப் போட்டு எழுதுவேன்மா. என் உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"எழுதாதீங்க," என்றாள் யொர்லெனி.

"ஏன்?"

"விசில் லேட்டு. நாலு நிமிஷம் சும்மா நின்னேன்."

எவேலியோ அவள் முழங்கையை அழுத்தி, ஸ்பானிய மொழியில் முணுமுணுத்தார். "பைத்தியமா ஒனக்கு? வாய மூடு."

கர்ட் மெல்லக் கணக்குப் போடுவது அவன் முகத்தில் தெரிந்தது. "நாலு நிமிஷத்துக்கு முன்னாடி நாங்க எங்க இருந்தோம்?"

"எம் பக்கத்துல. பாறைக்குப் போலாமான்னு கேட்டீங்க. அப்பவே நான் இலையப் பாத்துட்டேன்."

"பாத்துட்டுத்தான் போகச் சொன்னீங்களா?"

"ஆமா."

அவன் அவள் கையை விட்டான். அந்தக் கையால் மகளின் காதை மூடினான். பிரிட்டாவுக்கு அது ஏற்கெனவே கேட்டிருந்தது.