கொடி பிடிக்க ஓர் ஆள்

ஜெயபாலன் புல் வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்தார். அது இருமியது. மறுபடி இழுத்தார். பெட்ரோல் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது.

கோப்பெங் சாலையில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. சுண்ணாம்பு மலைகளைப் பனி பாதி மறைத்திருந்தது. இடுப்பளவு லாலாங் புல்லுக்குள் அவர் இறங்கியதும் பனித்தண்ணீரும் நறுக்கிய புல்லும் சேர்ந்து முகத்தில் அடித்தன. முகத்துக்கு வலை போட்ட மறைப்பு உண்டு. கழுத்துக்கு ஒன்றும் இல்லை. பொடிக்கற்கள் பறந்து வந்து கழுத்தில் கொத்தின.

பின்னால் அவர் மனைவி வீரம்மா வாரிக்கொண்டு வந்தார். ஈரப் புல் மண்ணைவிடக் கனம். வாரிக் குவித்து, மூட்டையில் திணித்து, லோரி வந்து நிற்கும் ஓரத்துக்கு இழுத்துப் போட வேண்டும். பத்து மூட்டைக்குள் அவருக்கு இழுப்பு வந்துவிடும். அப்போது மதகுக் கட்டையில் கொஞ்சம் உட்காருவார். மூச்சு திரும்பியதும் எழுந்துவிடுவார்.

வெட்டுகிறவர் ஒருவர், வாருகிறவர் ஒருவர். இது ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒரு போன். மெஷின் அதிர்வில் போன் கெட்டுவிடும் என்பதால் அது வாருகிறவர் இடுப்பில் இருக்கும்.

வேலைக்குச் சாட்சி இரண்டு படங்கள். வெட்டும் முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். இரண்டாவது படம் எடுக்கும்போது முதல் படம் திரையில் நிழலாகத் தெரியும். அதன்மேல் சாலையும் மரமும் மின்கம்பமும் சரியாகப் பொருந்தினால்தான் படம் விழும். படம் இல்லையென்றால் புல் வெட்டப்படவில்லை என்று அர்த்தம். வெட்டிய புல் கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் அப்படித்தான்.

வெயில் ஏறிய நேரத்தில் யுகேந்திரனின் பிக்கப் வந்து நின்றது. சாலையோரப் புல் வெட்ட ஒரு பெரிய கம்பெனியிடம் குத்தகை எடுத்தவன் அவன். அவன் அப்பாவும் ஜெயபாலனும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். முன்பு அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டார். இப்போது பாஸ்.

பிக்கப்பின் பின்பலகையில் அவன் போன்களைப் பரப்பினான். பழையது எல்லோரும் பார்த்ததுதான். சோப்புக் கட்டி போல் தடிமன், மூலைகளில் ரப்பர், பக்கவாட்டில் படம் எடுக்கும் பட்டன். புதியது கொஞ்சம் மெலிது. கறுப்பாக மினுங்கியது.

"இத பாருங்க. தண்ணில போடு, கல்லுல அடி, மேல லோரிய ஏத்து. ஒண்ணும் ஆவாது."

"நம்ம மேல ஏத்துனா, பாஸ்?" என்றான் தர்மேந்திரன். அவன் இன்னொரு ஜோடியில் வெட்டுகிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாலன்தான் அதிகம் சிரித்தார்.

"உனக்கு வாய் மட்டும் நல்லா வேல செய்யுது மச்சான். கேளு. இதுல கேமரா அகலம். புல்லுக்குள்ளயே நின்னு எடுத்தா மொத்தமும் விழுந்துரும். பழசுல மாதிரி ரோட்டுக்கு ஏறி பின்னால பின்னால போவ வேணாம்."

"அப்ப எல்லாருக்கும் குடுங்க லா."

"வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு, இது ஆளு அசையறத பாக்கும். ரொம்ப நேரம் அசையலன்னா ஆபீஸ்ல சிவப்பு விழும். சிவப்பு விழுந்தா அன்னிக்கு அரை நாள் சம்பளந்தான். கம்பெனி ரூல்ஸ். என் கையில இல்ல."

தர்மேந்திரனுக்குப் பின்னால் வாருகிற புஷ்பலதா கேட்டாள். "பொம்பளைங்க ஒதுங்கப் போனா?"

"சீக்கிரம் போயிட்டு வா லா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தர்மேந்திரன் புதியதைப் புரட்டிப் பார்த்தான். ரோட்டில் பின்னால் நடப்பது அவனுக்குப் பயம். போன மாதம் ஒரு கார் அவன் முழங்கையை உரசிக்கொண்டு போயிருந்தது. புஷ்பலதாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். எடுத்துக்கொண்டான்.

ஜெயபாலன் கையை நீட்டவில்லை.

"எனக்குப் பழசே போதும்."

"எதுக்குண்ணே? அது பேட்டரி ஊதிப் போய்க் கெடக்கு."

"அதுல பட்டன் இருக்கு. என் வெரலு காய்ச்சுப் போன வெரலு. புதுசு இத மனுஷன் வெரலுன்னு நம்பாது."

யுகேந்திரன் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் லோரியின் பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து திரும்பும்போது வீரம்மா கேட்டார்.

"எனக்காகத்தானே?"

"பட்டனுக்காகன்னு சொன்னேன்ல."

லோரி குலுங்கியபோது அவர் கை மனைவியின் முதுகுக்குப் பின்னால் அணையாக இருந்தது.

*

பழைய தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பின் வாசலுக்கு அருகே சாலை வளைகிறது. மழை விட்ட ஒரு நாள் அங்கே வேலை. முதல் படத்தை ஜெயபாலன் இருட்டு பிரியும்போதே எடுத்துவிட்டார். அப்போது சாலையில் வண்டி இல்லை. சாவகாசமாக நடு ரோடு வரை பின்னால் போய் எடுத்தார்.

வெட்டி முடித்தபோது கல் ஏற்றிய லோரிகள் ஓட ஆரம்பித்திருந்தன.

வீரம்மாவுக்கு அன்று இழுப்பு கடுமை. உதடு வெளுத்துப் போயிருந்தது.

"நீ உக்காரு. நீ படத்துல விழாம நான் எடுக்குறேன்."

போனை அவர் இடுப்பிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். கண்ணுக்கு நேராகப் பிடித்தார். மின்கம்பம் பொருந்தியது. மரம் பொருந்தவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னும் ஓர் அடி.

மதகில் உட்கார்ந்திருந்த வீரம்மா ஹார்ன் சத்தத்தைக் கேட்டார். கூப்பிட வாயைத் திறந்தார். மூச்சு இல்லை.

போன் ரோட்டின் மறுபக்கம் போய் விழுந்து கிடந்தது. உடையவில்லை. உடையக் கூடாது என்றே செய்யப்பட்டது அது. திரையில் முதல் படத்தின் நிழல் அப்படியே இருந்தது.

*

யுகேந்திரன் இறப்பு வீட்டுக்கு வந்தான். மாலை போட்டான். நல்ல மனுஷன் என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது பொய்யழுகை இல்லை. சின்ன வயதில் அவனைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவர் ஜெயபாலன்.

கருமாதி முடிந்த மறுநாள் வீரம்மா வேலைக்கு வந்தார். அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே லோரி நிற்கும் இடத்தில் விடியும் முன் கூடுவதை அவர்கள் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். தோட்டம் போய்விட்டது. ஆள் எண்ணும் அந்தச் சொல் கூடவே வந்துவிட்டது.

"ஏன்க்கா வந்தீங்க?" என்றாள் புஷ்பலதா.

"வீட்டுல அவரு சட்ட தொங்குது. பாத்துக்கிட்டே இருக்க முடியல."

யுகேந்திரன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே எல்லாம் புதியவை.

"இனிமே பழசு கெடையாது. எல்லாருக்கும் இதுதான். சேஃப்டி முக்கியம். அண்ணன் அன்னிக்கே என் பேச்ச கேட்டிருந்தா இப்ப நம்மகூட நின்னுருப்பாரு."

வீரம்மா நிமிர்ந்தார். "என்னா சொன்னீங்க?"

"குத்தமா சொல்லலக்கா. அவரேதான் பழசு வேணும்னு எடுத்தாரு. எல்லாரும் பாத்தாங்க."

"எடுத்தாரு. எதுக்குன்னு கேட்டீங்களா?"

"பட்டன் இருக்குன்னாரு."

"நான் உக்காரணும்னு எடுத்தாரு."

லோரியின் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஸைஃபுல் அதை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

யுகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "சரி, வேலய பாப்போம். மொதல்ல அந்த வளைவு. அங்க ரெண்டாவது படம் பாக்கி. கம்பெனி தெனமும் கேக்குறான்."

"அவரு வெட்டிட்டாரு" என்றார் வீரம்மா.

"வெட்டினாருக்கா. படம் இல்லயே. இப்ப மறுபடி மொளச்சிருக்கும். திரும்ப வெட்டித்தான் எடுக்கணும்."

வீரம்மா வாரியின் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

புஷ்பலதா முன்னால் வந்தாள். "புதுச எடுத்தவ நான் பாஸ். எனக்கு என்னா ஆச்சுன்னு கேளுங்க. ஒதுங்கப் போனா சிவப்பு விழுதுன்னு காலைலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. மூத்திரத்துல ரத்தம் வந்து கிளினிக்குப் போனேன். டாக்டரு தண்ணி குடிங்கிறாரு. போனு குடிக்காதேங்குது. நான் யாரு பேச்ச கேக்குறது?"

ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"ராமையா அண்ணன் கொடி புடிச்சப்ப நம்மள்ல யாருக்காச்சும் அடிபட்டுச்சா?" என்றான் தர்மேந்திரன்.

ராமையா முன்பு ரோட்டில் கொடியோடு நிற்பவர். வண்டிகளை நிறுத்தி, அனுப்பி, மறுபடி நிறுத்துவார். போன்கள் வந்தபோது அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இனி கோன் வைத்தால் போதும் என்றார்கள்.

"கொடிக்கு ஆளு வைக்க கம்பெனி காசு தர மாட்டேங்கிறான். நான் என்னா செய்ய? எனக்கு மேலயும் ஆளு இருக்கான்டா."

"எங்களுக்கு மேல லோரிதான் இருக்கு பாஸ்."

"வேல வேணாம்னா சொல்லிரு. வெளிய பங்களாதேஷ்காரன் நூறு பேரு நிக்கிறான்."

"அவன் மேலயும் ஏறும்" என்றார் ஸைஃபுல். அவர் அதிகம் பேசாதவர். "பங்களாதேஷ்லேர்ந்து வந்தா லோரி வளைஞ்சு போவுமா?"

யுகேந்திரன் போன்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

வீரம்மாவின் குரல் இழுப்பில் உடைந்து உடைந்து வந்தது. "புல்லு வெட்டுனது வேல இல்ல. படம்தான் வேல. அப்படித்தானே?"

"அக்கா..."

"அப்ப புல்ல வெட்டுறோம். படத்த எடுக்க மாட்டோம்."

சற்று நேரம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது யுகேந்திரனுக்குத்தான். அவன் முகம் மாறியது.

"படம் இல்லன்னா கம்பெனி எனக்கு எப்படிக் குடுப்பான்?"

"போயி கேளுங்க. கொடிக்கு ஓர் ஆளு வைக்கச் சொல்லுங்க. சிவப்ப எடுக்கச் சொல்லுங்க. அன்னிக்குப் படம் எடுக்குறோம்."

தர்மேந்திரன் தன் ஜோடியின் போனைப் புஷ்பலதா இடுப்பிலிருந்து வாங்கி அட்டைப்பெட்டிக்குள் போட்டான். மற்ற ஜோடிகளும் போட்டார்கள். கடைசியாக வீரம்மா தன் பையிலிருந்து பழைய போனை எடுத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்தது. அதை அவர் பெட்டியில் போடவில்லை. மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எத்தன நாளைக்குன்னு பாக்குறேன்" என்றான் யுகேந்திரன். பெட்டியை லோரியின் முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனான். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

*

வளைவில் புல் முழங்கால் அளவு முளைத்திருந்தது. சாலையில் இன்னும் கறை இருந்தது. மழை அதை முழுதாகக் கழுவவில்லை.

புஷ்பலதா தன் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி வாரியின் கம்பில் கட்டினாள். வீரம்மா அதை வாங்கிக்கொண்டு சாலை ஓரம் போய் நின்றார். முதல் கல் லோரி வளைவில் தெரிந்தது. அவர் கம்பை உயர்த்தினார். லோரி வேகம் குறைந்து, ஊர்ந்து, தாண்டிப் போனது. ஓட்டுநர் எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

பின்னால் மெஷின்கள் ஒவ்வொன்றாக இரைந்தன.

சீட்டில் பெட்டிக்குள் போன்கள் அடித்தன. ஒன்று நின்றால் இன்னொன்று. ஸைஃபுல் கதவில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. நாளைக்கு இந்த லோரியை ஓட்டத் தன்னைக் கூப்பிடுவார்களா என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

வெயில் ஏறியதும் வீரம்மாவுக்கு இழுப்பு வந்தது. புஷ்பலதா வாரிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்தாள். முதலில் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். நிறையக் குடித்தாள். பிறகு கொடியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா."

மதகுக் கட்டை பனி காய்ந்து சூடாக இருந்தது. போகிற வருகிற எல்லா வண்டிக்கும் தெரியும்படி, வீரம்மா அதில் உட்கார்ந்தார்.