பொம்மைக்குச் சொல்ல வேண்டியதில்லை

...முடிச்சு அப்படியொன்றும் இறுகியிருக்காது, பழைய துண்டுதானே, வேண்டுமானால் அப்பா உருவிக்கொள்வார் என்று வேதா மூன்றாவது முறையாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, அமீர்பேட் பயிற்சி மையத்தின் கட்டிலில் படுத்திருந்த ஸ்ரீஜாவின் தோளிலும் இடுப்பிலும் கை வைத்தாள். அவள் நோயாளியாகக் கிடத்திப் பாடம் நடத்தும் பொம்மை இடுப்பு கழன்று ரிப்பேருக்குப் போயிருந்தது, இன்று மாணவியே நோயாளி. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை பழக வந்த பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்... வாய் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே கை ஒரே இழுப்பில் புரட்டிவிட்டது. ஸ்ரீஜா கட்டில் கம்பியைப் பாய்ந்து பிடித்தாள்.

"கம்பிய விடும்மா."

"நக்கோ மேடம், வேணாம், சொல்லாம புரட்டிட்டீங்க... கீழ விழுந்துட்டேன்னே நெனச்சேன்."

"டம்மி பேசுது மேடம், இதையும் ரிப்பேருக்கு அனுப்புங்க," என்றான் சுற்றி நின்றவர்களில் சந்தீப்.

எல்லாரும் சிரித்தார்கள். வேதா அந்த விரல்களையே பார்த்தாள், கணு வெளுத்து... அப்பாவும் இப்படித்தானே பிடிக்கிறார், பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய் மிஞ்சிய இடது கை, முப்பது வருஷம் இரும்பு லோடு இறக்கிய கை, டயப்பர் மாற்றப் புரட்டினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடாது, ஒவ்வொரு விரலாகப் பிரிப்பாள், கிழவனுக்குத் திமிர் என்று பல்லைக் கடிப்பாள். இன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அந்தக் கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டி, புரட்டி, துடைத்து, குஷாய்குடா வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவிழ்க்க மறந்தாளா? மறக்கவில்லை, கொஞ்சம் கிடக்கட்டும் என்றுதான்... உருவிக்கொள்வாராம், எந்தக் கையால்? மதியம் கஞ்சி கொடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பட்டு அத்தை அவிழ்த்திருப்பாளா, போன் போட்டுக் கேட்கலாம், கேட்டால் கட்டியவள் யாரென்று சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் சொல்லுங்கள், இவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அவள் எழுதவைத்த முதல் வரி. பொம்மையை இரண்டு வருஷம் புரட்டிப் புரட்டி அவள் கைக்கு அது மறந்துபோயிருந்தது. பேச்சு போன மனிதரிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாளோ, கையை விடு என்பதைத் தவிர இந்த வருஷம் அவரிடம் வேறென்ன பேசினாள்...

"ஸ்ரீஜா, இப்ப உன்ன எடது பக்கம் திருப்பப் போறேன். நான் பிடிச்சிருக்கேன், விழ மாட்ட. சரியா?"

"ஹவ் மேடம், சரி."

கம்பியிலிருந்த கை தானாக விலகியது. இவ்வளவுதானா... மணி மூன்றரை, வகுப்பு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம். துண்டை அவிழ்ப்பதற்கு முன் அப்பாவிடம் சொல்ல வேண்டும், என்னவென்று சொல்வாள்?