உறுமினால் பேச்சாகுமா

ஒரு வேளை சாமைச் சோற்றுக்கு எட்டு மாதத் தண்டனை. கேட்டால் சிரிப்பீர்கள், சின்னக்குழந்தை என்கிறவளுக்கு அதுதான் நடந்தது. ஒடுகத்தூர் பஸ் கண்டக்டரோடு ஓடிப்போனதால் ஊர் விலக்கிவைத்த அவள் தங்கை சகுந்தலா ஒருநாள் மலையேறி வந்தாள். பசித்த முகத்தைப் பார்த்து அக்காள் சோறு போட்டாள். மறுநாளே ஊர் கூடி அக்காளைத் தள்ளிவைத்தது. நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது. பேசுகிறவர்களுக்கும் அதே கதி. எமர்ஜென்சி முடிந்து நாடே வாய் திறந்த வருஷம் அது. சின்னக்குழந்தையின் புருஷன் வேடியப்பனோ குடகுக் காப்பித் தோட்டத்தில் இருந்தான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, சுனைப் பாதையில் இலுப்பைப்பூ பொறுக்கப் போனவள் கரடியிடம் அகப்பட்டு, தோளில் நகக்கீறலோடு தப்பியிருந்தாள். அந்தப் பயத்தைப் போக்கியவள் பக்கத்து வீட்டுத் திரௌபதி. சரியான வாயாடி. களை எடுக்கும் இடத்தில் கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறுமியபடி தவழ்ந்து வருவாள். "அப்புறம் இன்னாடி ஆச்சு?" என்று பெண்கள் கேட்பார்கள். சின்னக்குழந்தை நூறு தடவை சொல்லிச் சொல்லி, கடைசியில் கரடிதான் அவளைப் பார்த்து மிரண்டு ஓடியதாகக் கதை மாறிவிட்டது. அவளே வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

கதையைக் கேட்க ஆளில்லாமல் போனதும் கரடி திரும்பி வந்தது. முதலில் சுனைப் பாதையில் மட்டும் இருந்தது. பிறகு கொல்லைக்கு வந்தது, பிறகு வீட்டு மூலைக்கே வந்துவிட்டது. சருகு சலசலத்தால் கரடி, கொடியில் காயும் கருப்புச் சேலை கரடி. ஆறிப்போன தழும்பு மறுபடி எரிந்தது. செத்த பயம் இப்படி எழுந்து நடமாடுமா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆடுகளிடம் சொல்லிப் பார்த்தாள். ஆடு எங்கே 'அப்புறம்?' என்று கேட்கப்போகிறது.

மாசியில் ஊருக்கு மனம் இரங்கியது. ஊர்க்கவுண்டர் அவள் வாசலுக்கு எட்ட நின்று, அவளைப் பார்க்காமல், புளியமரத்திடம் சேதி சொன்னார். நாளைக் காலை அவள் தனியாகச் சுனைக்குப் போய், ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கோயில் முன் வைக்க வேண்டும். ஊர் அதைக் குடித்தால் தண்டனை தீர்ந்தது. குடம் வந்து சேராவிட்டால் அடுத்த மாசிதான். புளியமரம் தலையாட்டியதோ என்னவோ, சின்னக்குழந்தையின் கை தோள் தழும்புக்குப் போனது. எந்தப் பாதை என்று அந்த மனிதருக்குத் தெரியாதா?

ஆனாலும் போனாள். இன்னொரு வருஷம் ஆட்டோடு பேச அவளால் ஆகாது. சுனையில் இறங்கி, மண்குடத்தை நிரப்பி, இலுப்பை மரங்களைப் பார்க்காமலே தாண்டிவிட்டாள். கோயில் மணி கண்ணுக்குத் தெரிந்தது. நூறு அடிதான் பாக்கி.

அப்போது புதருக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. கருப்பாக ஒன்று தவழ்ந்து வந்தது.

அவள் யோசிக்கவில்லை. இரு கையாலும் குடத்தைத் தூக்கி அதன் தலையில் போட்டாள். குடம் சுக்குநூறானது. ஈரக் கம்பளி நழுவ, நெற்றியில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தவள் திரௌபதி. பேசினால்தானே தப்பு, உறுமினால் பேச்சாகுமா என்று கணக்குப் போட்டவள் அவள். பழையபடி சிரிக்கவைத்துக் கடைசி நூறு அடியைக் கடத்திவிடலாம் என்று வந்திருந்தாள் பாவி.

சின்னக்குழந்தை ஓடுகளையும் ஈர மண்ணையும் பார்த்தாள். எதிரே இருப்பது மனுஷிதான் என்று கண் சொன்னது. உடம்பு நம்பாமல் பின்னால் பின்னால் நகர்ந்தது. சத்தம் கேட்டு மேலே கோயிலிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள், ஊர்க்கவுண்டர் முன்னால்.

திரௌபதி அவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி வாய் திறந்தாள்.

"சின்னக்கொழந்த, இங்க வந்து குந்துடி. மொதல்லேர்ந்து சொல்லு. கரடி எந்தப் பக்கமா வந்துச்சு?"

எட்டு மாதத்தில் அவளைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சின்னக்குழந்தைக்குப் பல் கிட்டிப் போயிருந்தது. வார்த்தை வர நெடுநேரம் ஆயிற்று. அதுவரை திரௌபதி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இனி போக வேறு இடம் இல்லை.