அறிக்கை வாசித்தவர்

டிக்கெட் எடுத்தது தம்பிதான். "போர்க்கைதிங்க படம்க்கா. மச்சானுக்குப் பண்ற மரியாதைன்னு வெச்சுக்கோயேன்" என்று நச்சரித்து, அவள் கணவரின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையை மத்தியானமே சாத்தவைத்து, அவளையும் அவரையும் கையோடு இழுத்து வந்திருந்தான். எதிரி முகாமில் இரண்டு வருஷம் கிடந்து திரும்பியவர் அவர். அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை, அவளும் கிளறியதில்லை.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைதிகள் எல்லோரும் தாடியை அளவாகக் கத்தரித்திருந்தார்கள். பட்டினி கிடப்பவனுக்குப் புஜம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. கணவர் திரும்பி வந்த அன்று முதுகுக்கு வெந்நீர் ஊற்றியவள் அவள். எலும்பெல்லாம் கையில் இடறியது. இங்கே முகாம் தலைவனின் மகள் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காதல் பாட்டுப் பாடினாள். சவுக்கடி விழும்போதெல்லாம் வயலின். அடி வாங்குவதைக்கூட இவ்வளவு அழகாகக் காட்ட ஒருத்தனுக்கு மனசு வருமா, சீ, என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர் பாப்கார்னை நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஒல்லியான கைதி ஒருவன் கேமரா முன்னால் நடுங்கியபடி, எதிரி எழுதிக்கொடுத்த அறிக்கையை வாசித்தான். வாசித்துவிட்டுத் திரும்பியவன் முகத்தில் கதாநாயகன் காறித் துப்பினான். எச்சில் கன்னத்தில் வழிவதை ஆற அமரக் காட்டினார்கள். தியேட்டரே எழுந்து கைதட்டியது. தம்பி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

அடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மச்சானும் அப்படி வாசித்தவர்தான். டிவியில் ஊரே பார்த்தது.

"அக்கா, சும்மா ஏதோ ஒரு வேகத்துல..."

"ஏன் நிறுத்திட்ட? நல்லா அடி. உன் மச்சான் இங்கதான் உக்காந்திருக்காரு."

ஆனால் அவர் எழுந்து வெளியே போய்விட்டிருந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

வெளிக்கூடத்தில் சுவரோரம் கிடந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மேலே சுவரில் கதாநாயகன் மார்பைத் திறந்துகொண்டு நின்றான். அந்தப் போஸ்டரின் மூஞ்சியிலேயே துப்பலாம்போல இருந்தது அவளுக்கு.

"நான் வாசிச்சத நீ பாத்தியா?" என்று அவர் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவராகக் கேட்டது இதுதான்.

"பாத்தேன். உசுரோட இருக்கீங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அன்னிக்குத்தான் எனக்குச் சாப்பாடே இறங்குச்சு."

"என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் யாரு கேட்டா? சட்டை உங்களுக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. அதையே பாத்துட்டிருந்தேன். யாரோட சட்டைங்க அது?"

அவர் கை தன் சட்டைக் காலருக்குப் போனது.

"எனக்கு முன்னால வாசிச்சவனோடது. இருந்தது ஒரே நல்ல சட்டைதான். எல்லாருக்கும் மாத்தி மாத்திப் போட்டுவிட்டாங்க. அவன் கழட்டிக் குடுத்தப்போ இன்னும் சூடா இருந்துச்சு."

உள்ளே மறுபடியும் கைதட்டல் எழுந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த தம்பி, கிட்டே வரத் தைரியமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டான். அவர் அவனைக் கவனிக்கவில்லை. அவருடைய விரல்கள், ஏற்கெனவே கழுத்துவரை பூட்டியிருந்த சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழாக, மெல்ல, ஒவ்வொன்றாக, மறுபடி பூட்டுவதுபோல் தொட்டுக்கொண்டிருந்தன.